ஏஎஃப்டி, ஆர்என், ரிஃபார்ம் யுகே: எல்லாமே "தீவிர வலதுசாரி"தானா?

எழுதுகோல் கேட்டது:

ஐரோப்பியத் தேர்தல் செய்திகளைத் தமிழில் கொடுக்கும்போது ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. ஜெர்மனியின் ஏஎஃப்டி, பிரான்சின் தேசியப் பேரணிக் கட்சி (ஆர்என்), பிரிட்டனின் ரிஃபார்ம் யுகே, நெதர்லாந்தில் கீர்ட் வில்டர்ஸின் கட்சி, நார்வேயின் முன்னேற்றக் கட்சி என எது வந்தாலும் முன்னால் "தீவிர வலதுசாரி" என்று ஒட்டிவிடுகிறோம். ஏஜென்சி செய்தியில் ஃபார் ரைட், ராடிகல் ரைட், ஹார்ட் ரைட், பாப்புலிஸ்ட் என்று தனித்தனியாக இருப்பவை தமிழுக்கு வந்ததும் ஒரே சொல்லாகிவிடுகின்றன.

வாசகர்களிடமிருந்து இரு பக்கமும் கோபம் வருகிறது. "குடியேற்றத்தைக் குறைக்கச் சொன்னாலே தீவிரவாதியா?" என்கிறார் ஒருவர். "நாஜி வழிவந்தவர்களுக்கு நாசூக்காகப் பெயர் வைக்கிறீர்களே" என்கிறார் இன்னொருவர். எந்த அளவுகோலை வைத்து எந்தச் சொல்லைப் போடுவது? ஒரு கட்சிக்கு இந்தப் பெயரைச் சூட்டும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? பெயர் சூட்டுவதால் வாக்காளர் மனம் மாறுகிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வடகரை:

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். குடியேற்றத்தை எதிர்ப்பது ஒரு கொள்கை நிலைப்பாடு. தீவிர வலதுசாரி என்பது கட்சியின் குணத்தைப் பற்றிய மதிப்பீடு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

டென்மார்க்கைப் பாருங்கள். மெட்டே பிரெடெரிக்சனின் சமூக ஜனநாயகக் கட்சி 2019இல் ஆட்சிக்கு வந்தது. புகலிடக் கோரிக்கைகளை ஐரோப்பாவுக்கு வெளியே ஒரு நாட்டில் வைத்துப் பரிசீலிக்க வழிசெய்யும் சட்டத்தை 2021 ஜூனில் நிறைவேற்றியது. ஐரோப்பாவின் மிகக் கடுமையான குடியேற்றக் கொள்கைகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் அதை மைய இடதுசாரிக் கட்சி என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். கடுமையை மட்டும் அளவுகோலாக வைத்தால் இந்த இடத்தில் கணக்கு உதைக்கும்.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் பின்பற்றுவது டச்சு அரசியல் அறிஞர் காஸ் மூடேயின் பகுப்பு. ஃபார் ரைட் என்பது பெரிய குடை. அதன் கீழே இரண்டு வகை. எக்ஸ்ட்ரீம் ரைட் ஜனநாயகத்தையே ஏற்காது. மக்கள் வாக்களித்து ஆட்சியைத் தீர்மானிப்பது என்ற அடிப்படையே அதற்கு உவப்பில்லை. ராடிகல் ரைட் தேர்தலை ஏற்கும், ஆனால் சிறுபான்மையினர் உரிமை, நீதிமன்றச் சுதந்திரம், அதிகாரப் பிரிவினை போன்ற கட்டுப்பாடுகளோடு மோதும். இன்று பெரிய அளவில் வாக்கு வாங்கும் கட்சிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையில்தான் வைக்கப்படுகின்றன. அவற்றுக்கு மூடே சொல்லும் அடையாளங்கள் மூன்று: நாடு இந்த மண்ணின் இனத்தாருக்கு மட்டுமே என்ற எண்ணம், கடும் ஒழுங்கையும் தண்டனையையும் வலியுறுத்துவது, "தூய மக்கள் - ஊழல் மேட்டுக்குடி" என்று சமூகத்தை இரண்டாகப் பிளப்பது.

செய்தி மேசையில் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான். கட்சியின் விரல் எல்லைக்கு வெளியே நிற்பவரை நோக்கி நீள்கிறதா, ஏற்கெனவே குடியுரிமை வாங்கி உள்ளே வாழ்பவரை நோக்கி நீள்கிறதா? ஆண்டுக்கு எத்தனை பேருக்கு விசா என்பது எல்லாக் கட்சிகளும் பேசக்கூடிய விஷயம். பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களில் சிலர் மட்டும் "உண்மையான" குடிமக்கள் என்று சொல்லத் தொடங்கினால் அது வேறு வகை அரசியல்.

ஜெர்மன் நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். 2024 மே மாதம் மியூன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம், ஏஎஃப்டியைச் "சந்தேகத்துக்குரிய" அமைப்பாகக் கண்காணிப்பது செல்லும் என்றது. புலம்பெயர் பின்னணி கொண்ட ஜெர்மன் குடிமக்களுக்குச் சட்டத்தில் தாழ்ந்த இடத்தையே தர அந்தக் கட்சியின் கணிசமான பகுதி விரும்புகிறது என்ற சந்தேகத்துக்கு ஆதாரம் இருப்பதாக நீதிமன்றம் கருதியது. குடியேற்றத்தைக் குறைக்கச் சொன்னது குற்றமாகப் பார்க்கப்படவில்லை. குடியுரிமை பெற்று அங்கே வாழும் நம் ஈழத் தமிழர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கேள்வி, அதனால் நாம் இதைச் சரியாக எழுதியே ஆக வேண்டும்.

ஜெர்மன் உளவு அமைப்பின் வகைப்பாட்டில் படிகள் மூன்று: ஆய்வுக்குரியது, சந்தேகத்துக்குரியது, உறுதிசெய்யப்பட்ட வலதுசாரித் தீவிரவாதம். இரண்டாம் படியிலேயே நிபந்தனைகளோடு தகவலாளிகளை வைக்கவும் தொலைபேசியை ஒட்டுக்கேட்கவும் வழி உண்டு. 2025 மே 2ஆம் தேதி உள்நாட்டு உளவு அமைப்பான அரசியலமைப்புப் பாதுகாப்பு அலுவலகம் ஏஎஃப்டியை மூன்றாம் படிக்கு ஏற்றியது. பின்னணியில் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கை. கட்சி கொலோன் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனது. மே 8ஆம் தேதி, அவசர மனுவில் தீர்ப்பு வரும்வரை அந்த வகைப்பாட்டைப் பயன்படுத்துவதில்லை என்று அலுவலகம் ஒப்புக்கொண்டது. முதல் தேதியை மட்டும் எழுதி இரண்டாவதை விட்ட செய்திகள் ஏராளம். அதுபோக, துரிங்கியா, சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட் மாநிலக் கிளைகள் அந்தந்த மாநில அலுவலகங்களால் அதற்கு முன்பே மூன்றாம் படியில் வைக்கப்பட்டவை. மாநில வகைப்பாட்டைத் தேசிய வகைப்பாடாக எழுதுவதும் வழக்கமான பிழை.

இன்னொரு பெரிய பிழை, வகைப்பாட்டைத் "தடை" என்று எழுதுவது. ஜெர்மனியில் ஒரு கட்சியைத் தடைசெய்ய அரசியலமைப்பு நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். மனுவை நாடாளுமன்றத்தின் இரு அவைகளில் ஒன்றோ மத்திய அரசோ கொடுக்க வேண்டும். இதுவரை தடையானவை இரண்டே கட்சிகள்: 1952இல் நாஜிவழிச் சோஷலிச ரைஷ் கட்சி, 1956இல் கம்யூனிஸ்ட் கட்சி. என்பிடி என்ற நவநாஜிக் கட்சியின் நோக்கம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று 2017இல் தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், அதைச் சாதிக்கும் வலு கட்சிக்கு இல்லை என்று தடையை மறுத்தது. 2024இல் அந்தக் கட்சிக்கு (அதற்குள் பெயரை மாற்றிக்கொண்டிருந்தது) 6 ஆண்டுகளுக்கு அரசு நிதியை மட்டும் நிறுத்தியது.

---

கடலோடி:

வடகரை சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் ஜெர்மன் முறையை மற்ற நாடுகளுக்கு நீட்டாதீர்கள். ஒவ்வொரு நாட்டிலும் பெயர் சூட்டுபவர் வேறு.

பிரான்சில் அது உள்துறை அமைச்சகம். தேர்தல் முடிவுகளைத் தொகுப்பதற்காக வேட்பாளர்களையும் பட்டியல்களையும் அரசியல் வண்ணவாரியாகப் பிரித்துச் சுற்றறிக்கை விடும். 2023 செப்டம்பர் செனட் தேர்தலுக்கான சுற்றறிக்கையில் ஆர்என் "எக்ஸ்ட்ரீம் துருவாத்" (வலது ஓரம்) என்ற தொகுதியில் வந்தது. கட்சி வழக்குப் போட்டது. 2024 மார்ச் 11ஆம் தேதி கொன்செய் தேதா, அதாவது நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், அமைச்சகத்தின் மதிப்பீட்டில் வெளிப்படையான தவறு இல்லை என்று மனுவைத் தள்ளியது. இங்கே கவனிக்க வேண்டியது: இது புள்ளிவிவரத்துக்கான வகைப்பாடு. இதனால் கட்சிமீது கண்காணிப்பும் இல்லை, நிதித் தடையும் இல்லை. மேலும் பிரெஞ்சில் "எக்ஸ்ட்ரீம்" என்பது அவையில் ஓரத்தில் உட்காரும் அணி என்ற பொருளிலும் புழங்கும் சொல். அதை ஜெர்மன் சட்டத்தின் "எக்ஸ்ட்ரீமிஸ்ட்" என்பதோடு குழப்பினால் மொழிபெயர்ப்பு மட்டுமல்ல, தகவலே தவறாகிவிடும்.

பிரிட்டனில் அரசு எந்தக் கட்சிக்கும் இப்படி முத்திரை குத்துவதில்லை. சண்டை ஊடகங்களோடுதான். 2024 மார்ச்சில் பிபிசியின் இணையச் செய்தி ஒன்று ரிஃபார்ம் யுகேயை ஃபார் ரைட் என்று குறிப்பிட்டது. அப்போதைய கட்சித் தலைவர் ரிச்சர்ட் டைஸ் ஆட்சேபித்தார். ஏஜென்சியிலிருந்து வந்த வாசகம், தங்கள் தரத்துக்கு ஏற்றதல்ல என்று சொல்லி பிபிசி மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு ஜூலைத் தேர்தலில் அந்தக் கட்சி 14.3 சதவீத வாக்கும் 5 இடங்களும் பெற்றது. ஏஜென்சி வாசகத்தை அப்படியே எடுத்துப் போடும் எந்த மேசைக்கும் இது பாடம்.

பெல்ஜியத்தில் நீதிமன்றமே பெயரை மாற்ற வைத்தது. ஃபிளாம்ஸ் பிளாக் கட்சியோடு இணைந்த அமைப்புகள் இனவெறித் தடைச் சட்டத்தை மீறியதாக கென்ட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்த சில நாள்களில் கட்சி ஃபிளாம்ஸ் பெலாங் என்று மறுபிறப்பு எடுத்தது. நெதர்லாந்தில் கட்சிக்கு அல்ல, தலைவருக்குத் தண்டனைத் தீர்ப்பு: 2014இல் ஹேக் நகரக் கூட்டத்தில் "மொராக்கோக்காரர்கள் அதிகம் வேண்டுமா, குறைவாக வேண்டுமா" என்று கேட்டுக் கூட்டத்தைக் கோஷம் போட வைத்ததற்காக, ஒரு பிரிவினரை அவமதித்த குற்றம் வில்டர்ஸ்மீது உறுதியானது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது, அபராதமோ சிறையோ விதிக்கப்படவில்லை. இந்த விவரம் கையில் இருக்கும்போது வெறும் அடைமொழி எதற்கு? நடந்ததை எழுதுங்கள்.

ஆய்வு மூலம் வேண்டுமென்றால் இரண்டு பயன்படும். பாப்புலிஸ்ட் என்ற ஆய்வாளர் பட்டியல், 1989க்குப் பிறகு தேசிய நாடாளுமன்றத் தேர்தலில் ஓர் இடமோ 2 சதவீத வாக்கோ பெற்ற ஐரோப்பியக் கட்சிகளை எடுத்துக்கொண்டு வகைப்படுத்துகிறது. சந்தேகமான கட்சிகளுக்கு "எல்லைக்கோட்டில்" என்ற குறிப்பும் உண்டு. சேப்பல் ஹில் நிபுணர் கணிப்பு, குடியேற்றக் கொள்கையில் ஒவ்வொரு கட்சிக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறது. முதலாவது கட்சியின் குணத்தைச் சொல்லும், இரண்டாவது நிலைப்பாட்டின் அளவைச் சொல்லும். மேலே வடகரை பிரித்த அதே இரண்டு விஷயங்கள்.

---

எழுதுகோல்:

மிக்க நன்றி இருவருக்கும். மக்கள் பார்வை பற்றி யாராவது சொல்ல முடியுமா? முத்திரை குத்துவதால் கட்சி தேய்கிறதா, வளர்கிறதா?

---

நிலாமுற்றம்:

இதில் மிக வலுவான விளக்கம் நார்வே அறிஞர் எலிசபெத் இவர்ஸ்ஃப்ளாட்டன் முன்வைத்த "நற்பெயர்க் கேடயம்" என்ற கருத்து. குடியேற்றத்தை எதிர்க்கும் வாக்காளர்களில் பலரும் தங்களை இனவெறியர் என்று நினைக்க விரும்புவதில்லை. அதனால் முத்திரையைத் தட்டிவிடக்கூடிய பூர்வீகம் உள்ள கட்சிக்குத்தான் அவர்கள் எளிதில் வருவார்கள். நார்வே முன்னேற்றக் கட்சி 1973இல் வரிக்குறைப்புக் கட்சியாகப் பிறந்தது. சுவிஸ் மக்கள் கட்சிக்கு விவசாயிகள் கட்சிப் பூர்வீகம். ஏஎஃப்டி 2013இல் யூரோ நாணயத்தை எதிர்த்த பொருளாதாரப் பேராசிரியர்களின் கட்சி. இவற்றிடம் "நீங்கள் நாஜி" என்றால் "நாங்கள் வரி கட்டுபவர்களின் கட்சி" என்று பதில் சொல்ல வழி இருந்தது.

பிரிட்டனில் ஒரே நாட்டுக்குள்ளேயே இந்த ஒப்பீடு கிடைக்கிறது. பிஎன்பி (பிரிட்டிஷ் தேசியக் கட்சி) 1982இல் வெளிப்படையான இனவாத அரசியலிலிருந்து வந்தது. யுகேஐபி 1993இல் ஐரோப்பிய ஒன்றிய எதிர்ப்பிலிருந்து வந்தது, முன்னாள் பிஎன்பி உறுப்பினர்களைச் சேர்க்க மாட்டோம் என்று விதியே வைத்தது. 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் யுகேஐபி 24 இடங்களோடு முதலிடம். பிஎன்பி 2009இல் வென்ற 2 இடங்களும் போயின.

கேடயம் இல்லாத கட்சிகள் அதைச் செய்துகொள்ளப் பல ஆண்டுகள் பிடிக்கும். சுவீடன் ஜனநாயகவாதிகள் 1988இல் தொடங்கியபோது நிறுவியவர்களில் நவநாஜித் தொடர்புள்ளவர்கள் இருந்தார்கள். 90களில் கட்சிக் கூட்டங்களில் சீருடைக்குத் தடை வந்தது. 2006இல் சின்னத்தில் இருந்த தீப்பந்தம் போய் நீலப் பூ வந்தது. 2010இல் 5.7 சதவீதத்தோடு நாடாளுமன்றம், 2022இல் 20.5 சதவீதத்தோடு இரண்டாம் பெரிய கட்சி, அமைச்சர் பதவி இல்லாமல் அரசைத் தாங்கும் ஒப்பந்தம். பிரான்சில் இதற்கு ஒரு சொல்லே உண்டு: சாத்தான் முகத்தைக் கழுவுதல். மரீன் லெ பென் 2011இல் இன்றைய ஆர்என் கட்சிக்குத் தலைவரானார், 2015இல் சொந்தத் தந்தையையே கட்சியிலிருந்து நீக்கினார், 2018இல் பெயரை மாற்றினார். சின்னத்தில் உள்ள தீச்சுடரை மட்டும் கைவிடவில்லை. அது முசோலினி ஆதரவாளர்கள் 1946இல் தொடங்கிய இத்தாலிய எம்எஸ்ஐ கட்சியிடமிருந்து வந்த சுடர். இத்தாலியில் ஜோர்ஜா மெலோனியின் கட்சிச் சின்னத்திலும் அது எரிகிறது. செய்தியில் படம் போடும்போது அந்தச் சுடரை வாசகருக்குச் சுட்டிக்காட்டலாம்.

கட்சிகள் ஒன்றுக்கொன்று முத்திரை குத்திக்கொள்வதும் உண்டு. 2024 மே மாதம் ஏஎஃப்டியின் மாக்ஸிமிலியன் கிரா, ஹிட்லரின் எஸ்எஸ் படையினர் எல்லோருமே குற்றவாளிகள் அல்ல என்ற பொருளில் பேட்டி கொடுத்ததும், ஆர்என் அந்தக் கட்சியோடு உறவை முறித்தது. ஐரோப்பிய நாடாளுமன்றக் குழுவிலிருந்தும் ஏஎஃப்டி வெளியேற்றப்பட்டது. "நாங்கள் அவர்கள் அல்ல" என்று காட்டுவதே ஆர்என்னுக்கு லாபம்.

முத்திரை வாக்கைக் குறைக்கிறதா என்றால், தொடக்கத்தில் குறைக்கும். நல்ல வேட்பாளர்கள் வரத் தயங்குவார்கள், அண்டை வீட்டாரிடம் ஆதரவைச் சொல்ல மக்கள் கூசுவார்கள். கட்சி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்துவிட்டால் அந்தக் கூச்சம் கரைந்துபோகும். மற்ற கட்சிகள் அதே கொள்கையைக் கையில் எடுத்தாலும் முத்திரை மங்கும். 2023 டிசம்பரில் பிரெஞ்சு அரசின் குடியேற்ற மசோதா நிறைவேறியபோது லெ பென் அதைத் தங்கள் "கருத்தியல் வெற்றி" என்றார். (அடுத்த மாதமே அரசியலமைப்பு மன்றம் 86 பிரிவுகளில் 35ஐ முழுதாகவோ பகுதியாகவோ வெட்டியது, பெரும்பாலும் நடைமுறைக் காரணத்துக்காக.)

கருத்துக்கணிப்பை மேற்கோள் காட்டும்போது ஓர் எச்சரிக்கை. தொலைபேசியில் மனிதர் கேட்டால் இந்தக் கட்சிகளின் ஆதரவாளர்கள் மறைப்பார்கள் என்பதால் நிறுவனங்கள் எண்ணை ஏற்றிச் சரிசெய்யும். 2002இல் பிரான்சில் அந்தச் சரிசெய்தலும் போதவில்லை. ஜான்-மரீ லெ பென் 16.9 சதவீதத்தோடு இறுதிச்சுற்றுக்குப் போவதைக் கணிப்புகள் காட்டவில்லை. 2018இல் சுவீடனில் நேர்மாறு: சில இணையக் கணிப்புகள் மிகைப்படுத்தின, சுவீடன் ஜனநாயகவாதிகள் பெற்றது 17.5 சதவீதம். எந்த முறையில் கேட்டார்கள் என்று பார்க்காமல் "மறைமுக ஆதரவு பெருகுகிறது" என்று எழுதாதீர்கள்.

---

கரிசல்காடு:

தமிழ்ச் சொற்களுக்கு வருவோம், மூலக் கேள்வி அதுதானே.

"தீவிர" என்பதில் ஒரு முள் இருக்கிறது. தீவிர ரசிகர், தீவிர சிகிச்சை என்றால் அழுத்தம், ஆழம். ஆனால் அரசியல் செய்தியில் அதைப் பார்த்ததும் தமிழ் வாசகர் காதில் "தீவிரவாதி" ஒலிக்கிறது. நம் செய்திகளில் தீவிரவாதி என்றால் துப்பாக்கியும் குண்டும். அதனால்தான் அந்த வாசகர் "தீவிரவாதியா?" என்று கேட்டார். ராடிகல் ரைட்டுக்குக் "கடும் வலதுசாரி" என்றும், ஜனநாயகத்தையே மறுக்கும் குழுக்களுக்கு மட்டும் "வலதுசாரித் தீவிரவாதம்" என்றும் பிரித்தால் குழப்பம் பாதி குறையும்.

பாப்புலிஸ்ட் என்பதற்கு "ஜனரஞ்சக" போடுவதை நிறுத்துங்கள். நமக்கு ஜனரஞ்சகம் என்றால் வார இதழ், மசாலாப் படம், தேர்தலுக்கு முந்தைய பட்ஜெட். "ஜனரஞ்சகத் தலைவர் வில்டர்ஸ்" என்று படிப்பவர் அவர் இலவச மிக்ஸி கொடுப்பவர் என்று எண்ணிக்கொள்வார். "வெகுமக்கள்வாத" பரவாயில்லை. அதோடு, இந்தச் சொல் இடதுசாரிகளுக்கும் பொருந்தும். கிரேக்கத்தின் சிரிசாவையும் ஸ்பெயினின் பொடேமோஸையும் இப்படியே வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஃபார் ரைட் என்று எழுதத் தயங்கி அதன் இடத்தில் போடும் மென்சொல்லாக இதைப் பயன்படுத்தக் கூடாது.

நாடு மண்ணின் இனத்தாருக்கு மட்டுமே என்ற எண்ணத்தை ஆங்கிலத்தில் நேட்டிவிசம் என்பார்கள். அதற்கு அருமையான சொல் நம் வழக்கிலேயே இருக்கிறது: "மண்ணின் மைந்தர் அரசியல்". 1966இல் சிவசேனா தொடங்கியபோது பம்பாயில் குமாஸ்தா வேலையிலும் ஹோட்டல் தொழிலிலும் இருந்த தென்னிந்தியர்கள்தான் முதல் இலக்கு. அந்த அனுபவம் நம் வாசகருக்குத் தெரியும், விளக்கவே வேண்டாம். மலேசிய வாசகர்களுக்கு எழுதினால் மட்டும் கவனம். அங்கே மண்ணின் மைந்தர் என்றால் பூமிபுத்ரா, சட்டத்தோடு ஒட்டிய பொருள். இலங்கையில் "இனவாதம்" என்றாலே சிங்கள-தமிழ் அரசியல்தான் நினைவுக்கு வரும், ஆகவே ஐரோப்பியச் செய்தியில் "இனவெறி" என்று எழுதுவது தெளிவு.

---

வடகரை:

கரிசல்காடு, "கடும் வலதுசாரி"யில் எனக்கு உடன்பாடில்லை. "தீவிர வலதுசாரி" இப்போது வேர்பிடித்த சொல். பாதிப் பத்திரிகை அதையும் பாதிப் பத்திரிகை இதையும் எழுதினால் வாசகர் இரண்டு வெவ்வேறு வகைக் கட்சி என்று எண்ணுவார். சொல்லை மாற்றுவதைவிட யார், எப்போது, எதற்காகச் சொன்னார் என்பதைப் பக்கத்திலேயே வைப்பது பயன் தரும். ஒரு மாதிரி:

வழக்கமாக வருவது: "ஜெர்மனியில் அகதிகளை வெறுக்கும் தீவிர வலதுசாரிக் கட்சி 2ஆம் இடம்."

மாற்றி எழுதினால்: "2025 பிப்ரவரித் தேர்தலில் ஏஎஃப்டி 20.8 சதவீத வாக்கோடு 2ஆம் இடம் பிடித்தது. யூரோ எதிர்ப்புக் கட்சியாகத் தொடங்கி 2015க்குப் பிறகு குடியேற்ற எதிர்ப்பை முதன்மையாக்கிய இக்கட்சியை ஆய்வாளர்கள் தீவிர வலதுசாரி என வகைப்படுத்துகிறார்கள். அதன் சில மாநிலக் கிளைகள் உளவு அமைப்புகளால் வலதுசாரித் தீவிரவாத அமைப்புகளாக அறிவிக்கப்பட்டவை. கட்சி இதை மறுக்கிறது."

நான்கே வாக்கியம். முத்திரையும் இருக்கிறது, குத்தியவரும் இருக்கிறார், மறுப்பும் இருக்கிறது. தலைப்பில் இடம் இல்லையென்றால் கட்சிப் பெயரை மட்டும் போடுங்கள், அடைமொழி இரண்டாம் பத்திக்குப் போகட்டும்.

---

கரிசல்காடு:

மாதிரி நன்றாக இருக்கிறது, ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். "குடியேற்ற எதிர்ப்பு" என்று எழுத நினைத்து "குடியேறி எதிர்ப்பு" என்றும், "குடியேறிகளுக்கு எதிரான" என்று எழுத வேண்டிய இடத்தில் "குடியேற்றத்துக்கு எதிரான" என்றும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். குடியேற்றம் என்பது நடப்பு; விசா எண்ணிக்கை, எல்லைச் சோதனை அதில் அடங்கும். குடியேறி என்பவர் ஆள். அவர் வீடு, வேலை, பிள்ளையின் பள்ளி அதில் அடங்கும். அதேபோல் அகதி, புகலிடக் கோரிக்கையாளர், விசா காலம் முடிந்தும் தங்கியவர், குடியுரிமை பெற்றவர் நால்வரும் சட்டத்தின் முன் வேறு வேறு. கட்சியின் அறிக்கை இவர்களில் யாரைச் சொல்கிறது என்று மூலத்தில் பார்த்து, அதே சொல்லைப் போடுங்கள்.